படிக்கப் போன போன்கள்

எங்கள் தெருவிளக்கு அலுவலகத்தில் அனைவரும் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காரணம் நியாயமானதுதான். புதிதாக வந்த விளக்குப் பெட்டிகளின் மேல் ஆங்கிலத்தில் என்னவோ எழுதியிருந்தது. அது என்னவென்று தெரியாததால் பெட்டிகளை யாரும் பிரிக்கவில்லை. பிரிக்காததால் ஊர் இருட்டாக இருந்தது. எனவே, "இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைக் கொண்டு ஊழியர்கள் தாமாகவே, தன்னிச்சையாகக் கற்க வேண்டும். தன்னிச்சையாகக் கற்கத் தவறுவோர்மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று ஆணையிட்டிருந்தார்கள்.

சுற்றறிக்கையின் கடைசி வரிதான் என் வயிற்றில் பால் வார்த்தது. தேர்ச்சி பெற்றால் கேட்ட ஊருக்கு மாறுதல்! என் மனைவி வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளும் அவளோடு இருக்கிறாள். நான் இங்கே புகார் வாங்கும் குமாஸ்தாவாக, எனக்கு நானே சமைத்து, அதை நானே குறை சொல்லிக்கொண்டு கிடக்கிறேன். அன்றைக்கே போனில் ஒரு பாடத்தை இறக்கினேன். அதில் ஒரு கிளி வரும். சரியாகச் சொன்னால் சிறகடிக்கும். தப்பாகச் சொன்னால், "பரவாயில்லை, மறுபடியும் முயற்சி செய்யுங்கள்" என்று தலையைச் சாய்க்கும். என்னைப் பார்த்தாலே அதற்குத் தலை சாய்ந்துவிடும். ஆனாலும் தங்கமான கிளி, சலித்துக்கொள்ளாது.

இப்படியே விட்டிருந்தால் நாலு வார்த்தை கற்றிருப்போம். விடுவாரா எங்கள் கண்காணிப்பாளர்?

"காசு வாங்காம சொல்லித் தர்றான்னா யாருய்யா ஒழுங்காப் படிப்பான்? கண்காணிப்பு வேணும்" என்றார்.

"தானாப் படிக்கணும்னுதானே சார் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள் டைப்பிஸ்ட்.

"ஆமாம்மா. தானாத்தான் படிக்கறீங்களான்னு யாராவது பார்க்க வேண்டாமா?"

அவர் சொன்னதில் குறை கண்டுபிடிக்க எங்களுக்குத் தெரியவில்லை. யார் எவ்வளவு நேரம் படித்தார்கள் என்பதை அவரவர் போனே கணக்கு வைக்கும், அந்தக் கணக்கே சான்று என்று முடிவாயிற்று. மறுநாளே டைப்பிஸ்ட் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள். போனில் பாடத்தை ஓடவிட்டு மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

கண்காணிப்பாளர் கோபப்படுவார் என்று நினைத்தோம். மனிதர் மகிழ்ந்துபோனார்.

"அப்ப ஆபீஸ் வேலையும் கெடாது, படிப்பும் கெடாது" என்றார்.

பழைய பல்புகள் கிடந்த அறை ஒழிக்கப்பட்டு, 'சுயகற்றல் கூடம்' என்று பெயர் சூட்டப்பட்டது. காலையில் வந்ததும் போன்களை அங்கே ஒப்படைக்க வேண்டும். பணிமூப்பு வரிசைப்படி அவை பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டன. கண்காணிப்பாளரின் போனுக்கு மட்டும் குஷன். மேற்பார்வைக்கு வாட்ச்மேன் கொட்டாவி. வாயை மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு அந்தப் பெயர். திரை இருண்ட போனை விரலால் குத்தி, "ஏய், தூங்காதே!" என்று அதட்டுவது அவர் வேலை. சார்ஜ் தீர்ந்தால் அந்தப் போனுக்கு அரைநாள் விடுப்பு.

புகார் வாங்கும் லேண்ட்லைன் மட்டும் என் மேஜையிலேயே இருந்தது. ஒயர் நீளம் போதவில்லை, அதனால் அதற்குப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை.

ஒரு நாள் அதில் என் மனைவி வந்தாள். குரலில் அனல் பறந்தது.

"என்னங்க, உங்க போனுக்குப் போட்டா யாரோ எடுத்து, 'அது வகுப்புல இருக்கும்மா, தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு கொட்டாவி விடறாரு!"

"கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. எல்லாம் உங்க ரெண்டு பேர்கிட்டயும் வரத்தான்."

"உங்க பொண்ணு அப்பா எங்கேன்னு கேக்கறா."

"அப்பா போன் படிக்குதுன்னு சொல்லு."

பட்டென்று வைத்துவிட்டாள். எப்படியாவது அங்கே போய்ச் சேர வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. அந்த வைராக்கியத்தில்தான் புத்தி கெட்டுப்போய் ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் நூலகத்துக்குப் போய், அங்கிருந்த கம்ப்யூட்டரில் நிஜமாகவே ஆங்கிலம் கற்றேன். திரையில் ஒரு கிழவர் தன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, சட்டியைக் காட்டிச் சட்டி என்பார், கதவைக் காட்டிக் கதவு என்பார், மேலே காட்டி மேலே என்பார். மெள்ள மெள்ள எனக்கு ஏறிற்று.

ஏறியது வம்பாயிற்று. ஸ்டோர் பக்கம் போனபோது விளக்குப் பெட்டிமேல் இருந்ததைப் படித்துவிட்டேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். எல்லாப் பெட்டிகளும் தலைகீழாகக் கிடந்தன. ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். கண்காணிப்பாளர் பார்த்துவிட்டார்.

"அதை ஏன்யா திருப்பினே?"

"இந்தப் பக்கம் மேலேன்னு போட்டிருக்கு சார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"படிச்சேன் சார்."

"உன் போன் இன்னும் அந்தப் பாடத்துக்கே வரலையே! அதுக்கு முன்னாடி நீ எப்படிப் போனே?"

நூலக விஷயத்தைக் கறந்துவிட்டார். 'கூடத்துக்கு வெளியே, உரிய அனுமதியின்றி, தம் போனுக்குத் தெரியாமல் ஆங்கிலம் கற்றது ஏன்?' என்று எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மாறுதல் போய்விடக் கூடாதே! 'அறியாமல் அறிந்துவிட்டேன். இனி ஆங்கிலம் கற்கமாட்டேன் என உறுதி கூறுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துத் தப்பித்தேன். பெட்டியைப் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. தலைமையக ஆய்வாளர் வருவார் என்று வாசலில் நின்றோம். காரிலிருந்து டிரைவர் மட்டும் இறங்கினார். இரண்டு கையாலும் ஒரு தட்டை ஏந்தியிருந்தார். தட்டில் ஒரு போன்.

"ஐயா வரலையா?" என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

"ஐயா எதுக்கு? ஐயா போன் வந்திருக்கே."

கண்காணிப்பாளர் போனுக்கு வணக்கம் வைத்தார். நாங்களும் வைத்தோம். அது எங்கள் போன்களுக்கு எதிரே அமர்ந்து, அழகான ஆங்கிலத்தில் என்னவோ கேட்டது. எங்கள் போன்கள் ஒரே குரலில் பதில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்டன. அது சொல்லிவிட்டு மறுபடி கேட்டது. பேச்சு நிற்கவேயில்லை. கண்காணிப்பாளருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"என்னய்யா பேசிக்குதுங்க?" என்று என் காதைக் கடித்தார்.

நலமா என்று அது கேட்டது. நலம், நீங்கள் நலமா என்று இவை கேட்டன. அதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தன. ஆனால் எழுதிக் கொடுத்திருக்கிறேனே!

"தெரியாது சார்" என்றேன்.

"நல்ல பையன்" என்று முதுகில் தட்டினார்.

மதியம் கொட்டாவிக்குப் பசி வந்து எல்லாவற்றையும் அணைத்த பிறகுதான் தேர்வு முடிந்தது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி. மாலையில் கொட்டாவி கூடத்திலிருந்து ஓடிவந்தார். "சார்! உங்க போனுக்கு மாறுதல் ஆர்டர் வந்திருக்கு!"

துள்ளிக் குதித்து ஓடினேன். என் போனுக்குத்தான் வந்திருந்தது. நிஜமாகவே அதற்குத்தான். தேர்ச்சி பெற்ற மேற்படி போன், மனைவி வசிக்கும் ஊருக்கு உடனே மாற்றப்படுகிறது. அதன் உரிமையாளர், ஆங்கிலம் கற்கமாட்டேன் என்று தாமே உறுதியளித்திருப்பதால், இங்கேயே நீடிப்பார்.

"அநியாயம் சார் இது!" என்று கத்தினேன்.

"ஏன்யா, கேட்ட ஊர்தானே கிடைச்சிருக்கு?" என்றார் கண்காணிப்பாளர்.

ஆணையை மீற முடியுமா? போனைப் பஞ்சில் சுற்றி பார்சலில் அனுப்பினேன். கொட்டாவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சில நாள் பொறுத்து லேண்ட்லைனில் வீட்டுக்குப் பேசினேன்.

"வந்து சேந்துச்சாம்மா?"

"ம், சேந்துச்சு. சாப்பாட்டு மேஜையில உங்க இடத்துலதான் வெச்சிருக்கேன். பொண்ணு அதோட நல்லா ஒட்டிக்கிட்டா."

"நான் வர வழி பாக்கறேன். கவலைப்படாதே."

"இல்லைங்க, பரவாயில்லை. அவசரம் இல்லை."

"என்னம்மா இப்படிச் சொல்றே?"

"நீங்க இங்க இருந்தப்பவும் அந்த இடத்துல போனுதானே தெரியும், உங்க முகமா தெரிஞ்சுது? இப்ப என்னன்னா, அதுவாவது நலமான்னு கேக்குது."

ஏதாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று தடுமாறி, "சரி, நீ... நலமா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் பின்னாலிருந்து என் கிளியின் குரல்தான் கேட்டது. "பரவாயில்லை, மறுபடியும் முயற்சி செய்யுங்கள்."