ஏழாவது நிழலுக்கு ஆள் இல்லை

ஒத்திகைத் திரையில் ஏழாவது நிழல் வந்து நின்றதுதான் தாமதம், பால் ஊற்ற வந்த ஓமனா செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கூவினாள்.

"ஐயோ! இது நம்ம பலசரக்குக்கடை வைகுண்டராஜன் அண்ணாச்சில்லா!"

நாராயணபெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எப்படி ஓமனா கண்டுபிடிச்சே? மூஞ்சியே தெரியல்லியே!"

"மூஞ்சி எதுக்கு சாரே? அந்த வயிறு போராதா? பூதப்பாண்டியில வேற யாருக்கு இருக்கு?"

திரைக்குப் பின்னால், பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு முன்னால் நின்ற வயிறு இதைக் கேட்டு மூச்சை இழுத்து உள்ளே போகப் பார்த்தது. போகவில்லை.

"இதை வெளிய ஒருத்தர்கிட்டயும் சொல்லீராத, கேட்டியா? இது ரகசியம்."

"நான் எதுக்கு சாரே சொல்லப்போறேன்?" என்று ஓமனா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். அவள் இன்னும் நாற்பது வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டியிருந்தது.

நாராயணபெருமாள் பூதப்பாண்டி நடுநிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டர். அதோடு ஊர் வாசகசாலைக்குச் செயலாளர். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்கு ஏச்சு உண்டு. ஆனால் மனுஷருக்கு உயிர் இருந்தது இரண்டாவதில்தான். இரண்டு அலமாரிப் புத்தகமும் நான்கு பெஞ்சும் ஒரு மேசையும் கொண்ட அந்த வாசகசாலை, ரைஸ்மில் முதலாளி ஐயப்பன் பிள்ளையின் பழைய நெல்லுப்புரையில் வாடகை இல்லாமல் நடந்துவந்தது. நீளமான கட்டடம், உயரமான கூரை, நல்ல காற்று. போன வருஷ விழாவுக்குக் கம்போஸ்ட் உரம் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்தார். சொற்பொழிவாளர் வந்தார், நாராயணபெருமாள் வந்தார், ஒரு ஆடும் வந்து போஸ்டரைத் தின்றுவிட்டுப் போயிற்று.

ஐயப்பன் பிள்ளைக்கு அதிலிருந்தே மனசு சரியில்லை.

"ஆளு வராத எடத்துக்கு எலிதான் வரும், கேட்டீரா? நெல்லு மூட்டைய அடுக்கினா எலிக்காவது பிரயோஜனம். இந்த வருஷ விழாவுக்குக் கூட்டம் வருதான்னு பாப்பேன். வரல்லேன்னா புஸ்தகத்த வாரிக்கிட்டு, சாவியத் தந்திரும்வே."

நாராயணபெருமாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அப்போது அவர் கண்ணில் பட்டது, வாசகசாலைக்கு வரும் வாரப்பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்த படக்கதை. ஏதோ ஒரு குளிர்தேசம். ஏழு சதிகாரர்கள் ராஜாவின் கஜானாவைத் தகர்க்கத் திட்டம் போடுகிறார்கள். ஆறு பேருடைய முகம் தெரியும். ஏழாவது ஆளான தலைவன் மட்டும் எப்போதும் சுவரில் நிழலாகவே வருவான். அவன் யார் என்று கதை இன்னும் சொல்லவில்லை. எழுதுகிறவனுக்கே தெரியுமோ என்னவோ.

இதைத் திரையில் காட்டினால் என்ன? வெள்ளைத் துணி கட்டி, பின்னால் பெட்ரோமாக்ஸ் வைத்து, ஏழு பேரையுமே நிழலாக ஆட்டி, கடைசியில் மட்டும் தலைவனைத் திரைக்கு முன்னால் கொண்டுவந்தால், அது யார் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு குஞ்சும் எழுந்து போகாது. டிராயிங் மாஸ்டருக்குப் புல்லரித்தது.

சில்லறை மாற்றங்கள் செய்தார். பனிக்குப் பதில் சாரல் மழை. நாஞ்சில் நாட்டில் அப்போது ரயில் கிடையாது என்பதால் ரயிலுக்குப் பதில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகும் பஸ். ராஜாவின் கஜானா தகர்ந்தால் பூதப்பாண்டியில் யாருக்கு என்ன? அதனால் அணைக்கட்டு. சதிகாரர்கள் அணைக்கு வெடிவைக்கப் போகிறார்கள் என்று எழுதிவிட்டு, தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

அதுதான் வினையாயிற்று.

ஓமனா நிழலைக் கண்ட மறுநாள் காலையில் வைகுண்டராஜன் மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தார்.

"சாரே, என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீரே! விடிஞ்சதிலேருந்து கடையில ஒரு ஈ காக்கா இல்ல. அணைய ஒடைக்கவன்கிட்ட உப்பு வாங்கினா வயலுக்குத் தண்ணி வருமாங்கான் ஒருத்தன்!"

"அண்ணாச்சி, அது நாடகமில்லா?"

"அது எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். நடுவைக்கு நாத்து பாவிட்டு நிக்கவனுக்குத் தெரியாண்டாமா?"

அடுக்களையிலிருந்து நாராயணபெருமாளின் மனைவி தாணம்மாள் எட்டிப் பார்த்தாள். "நானும் இனிமே அவரு கடையில வாங்கப்போறதில்ல" என்றாள்.

"ஏட்டி, நீயுமா? நீதானே அந்தத் திரைத்துணியத் தொவச்சுத் தந்தே?"

"தொவைக்கச்சில அணைய ஒடைக்கப்போறது தெரியாதே."

நாராயணபெருமாள் யோசித்தார். ஏழாவது நிழல் வைகுண்டராஜன் இல்லை, தையல்கடை ஞானம் என்று ஓமனா காதில் போட்டுவைத்தார். மத்தியானத்துக்குள் வைகுண்டராஜன் கடையில் கூட்டம் அலைமோதியது. சாயந்திரம் ஞானம் கழுத்தில் டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

"சாரே, பொம்பளையெல்லாம் தச்சது பாதி தைக்காதது பாதியா துணியத் திருப்பி வாங்கிட்டுப் போறாளுவோ! வெடிமருந்து வச்ச கையால சாக்கெட்டு தச்சுப் போடமாட்டாளாம். நான் இந்தக் கூட்டுக்கே வரல்ல. ஆளை விடும்!"

"கொஞ்சம் பொறும் ஞானம். ஒரு வழி பண்ணுகேன்."

வழி பண்ணினார். மழைக்குக் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குக் கொங்காணி ஏழு வாங்கி, ஏழு பேரையும் தலைமுதல் முழங்கால்வரை மூடிவிட்டார். ஒல்லியானவர்களுக்கு வயிற்றில் தலையணை. இப்போது திரையில் ஏழு பேரும் ஒரே அச்சாக நின்றார்கள். ஓமனாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, "ஏழும் மூட்டையாட்டுல்லா இருக்கு!" என்று உதட்டைப் பிதுக்கினாள். நாராயணபெருமாள் ஜெயித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்குப் போனார்.

தாணம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். "எல்லாரும் சாக்கப் போட்டுக்கிட்டு நின்னா, மாமியாக்காரி மருமவன் எதுன்னு கண்டு மாலை போடுவா?"

கையில் எடுத்த உருண்டை அப்படியே நின்றது.

அந்தப் பக்கத்து நாடகங்களில் இது ஒரு கட்டாயம். நடுக்காட்சியில் உறவுக்காரர்கள் மேடையேறி, நடிக்கிறவனுக்கு மாலை போட்டு நேரியல் போர்த்துவார்கள். யாருக்கு யார் போட்டது என்று உரக்க அறிவிக்கவும் வேண்டும். சாகக் கிடக்கிற ராஜாகூட எழுந்து, மாலையை வாங்கிக்கொண்டு, மறுபடியும் படுத்துச் சாவார். அதைத் தடுத்தால் ஏழு குடும்பமும் வராது. ஏழு குடும்பத்தின் சொந்தபந்தமும் வராது. அனுமதித்தால் எந்தச் சாக்குக்குள் யார் என்பது வெட்டவெளிச்சம்.

"தெரிஞ்சா என்னா? ஏழாவது ஆளு யாருங்கதுதானே தெரியப்படாது?" என்றாள் தாணம்மாள்.

நாராயணபெருமாள் அவளை நன்றியோடு பார்த்தார். விடிந்ததும் ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒரே சொல்லைச் சொன்னார். "நீரு தலைவன் கெடையாது, கேட்டீரா? வெறும் எடுபிடி. கடைசியில திருந்தி அணையக் காப்பாத்துக கூட்டம். தலைவன் வேற ஆளு. தைரியமா வீட்டுல சொல்லும்."

ஏழு பேரும் சொன்னார்கள். ஏழு வீட்டுப் பெண்களும் குளத்தங்கரையில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். "எங்க வீட்டு ஆளு இல்ல!" ஏழு பேரும் இல்லையென்றால் யார்தான் அது? ஊருக்குப் பித்துப் பிடித்தது. சந்தைக்கு வந்தவர்கள் கேட்டுப்போய்த் தங்கள் ஊரில் சொன்னார்கள். திட்டுவிளையில் அதே பேச்சு. அஞ்சுகிராமத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், மகளையும் மருமகனையும் இதற்காகவே விருந்துக்கு அழைத்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு வந்து, "அணை விஷயமாக்கும், எனக்கு மட்டும் சொல்லும்" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுப் பார்த்தார்.

"கடைசியில தெரியும்" என்றார் நாராயணபெருமாள், எல்லாரிடமும் சொன்னதுபோல.

"சரி, ஏழு பேருக்கும் இல்லேன்னு சொல்லியாச்சு. அப்பம் கடைசியில வெளிய வரது யாரு?" என்று தாணம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அதைக் கடைசி ஒத்திகையில ஒருத்தன் தலையில கட்டிரலாம்."

கடைசி ஒத்திகை நடக்கவே இல்லை. அன்றைக்குப் பெஞ்சு போதாதென்று பள்ளிக்கூடத்துக்கும், பாய் போதாதென்று கல்யாண வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தில் தலைவனுக்கு ஆள் போடவேண்டும் என்ற நினைப்பே அற்றுப்போயிற்று.

விழா அன்று விளக்கு வைக்கும் முன்பே நெல்லுப்புரை நிறைந்தது. ஜன்னலில் ஆள், வாசல்படியில் ஆள், வெளியே மாட்டுவண்டிகளின்மேல் ஆள். புத்தக அலமாரிகளைச் சுவரோரம் தள்ளினார்கள். பத்து பேர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். ஐயப்பன் பிள்ளைக்கு முன்வரிசையில் கைவைத்த நாற்காலி. அவர் திரையைப் பார்த்ததைவிட, அடிக்கடி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்ததே அதிகம். நாராயணபெருமாள் திரை ஓரத்தில் நின்று அதைக் கவனித்தார். வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

துப்பறிகிறவனாகச் சைக்கிள்கடை சத்தியராஜ். முதல் காட்சியில் ஏழு நிழல்களும் அணைக்கு வெடிவைக்கத் திட்டம் போட்டபோது, ஒரு விவசாயி எழுந்து கெட்ட வார்த்தையில் வைதார். நல்ல ஆரம்பம்.

இரண்டாம் காட்சியில் மாலை வந்தது. ஞானத்தின் மாமனார் திரைக்குப் பின்னால் போனார். அவர் நிழலும் விழுந்தது. பிறகு வைகுண்டராஜனின் கொழுந்தியாள் தாம்பாளத்தோடு போனாள். சோடாக்காரன் போனான்.

"சதிகாரர்களே! நீங்கள் ஏழு பேர் என்பதை நான் அறிவேன்!" என்று சத்தியராஜ் முழங்கினான்.

"பத்துடே! நல்லா எண்ணிப்பாரு!" என்றது கூட்டம்.

"அந்தத் தாம்பாளம் வச்சிருக்கவதான் தலைவியாக்கும்!" என்று அலமாரிமேல் இருந்து ஒருவன் கத்தினான். கொழுந்தியாள் திரையை விலக்கித் தலையை நீட்டி, அவனுடைய குடும்பத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அப்படியே உருண்டு புரண்டு கடைசிக் காட்சி வந்தது. பஸ் போயிற்று, சாரல் பெய்தது. ஆறு சதிகாரர்கள் திருந்தவேண்டிய இடத்தில் ஏழு பேரும் திருந்தினார்கள். சத்தியராஜ் திரைக்கு முன்னால் வந்து மரத்துப்பாக்கியை நீட்டினான்.

"ஏழாவது நிழலே! உன் ஆட்டம் முடிந்தது. வெளியே வா!"

ஒருவரும் வரவில்லை.

திரைக்குப் பின்னால் ஏழு சாக்குகளும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன.

"வெளிய போம்வே!" என்றது ஒரு சாக்கு, ரகசியக் குரலில்.

"நான் எதுக்குப் போறேன்? நான் எடுபிடி."

"நானும் எடுபிடிதான்!"

நாராயணபெருமாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஏழு பேரில் யாரைத் தள்ளிவிட்டாலும், அவன் பெண்டாட்டி நாளைக்கு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். ஒருவரும் போகாவிட்டாலோ, இத்தனை ஜனமும் ஏமாந்து கலையும். முதலாளி கையை நீட்டிச் சாவியைக் கேட்பார்.

"வெளியே வா!" என்றான் சத்தியராஜ் இரண்டாம் தடவை, அழாத குறையாக.

நாராயணபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு விளக்குக்கு முன்னால் போய் நின்றார். திரையில் ஒரு நீளக் கழுத்தும், மூக்குக்கண்ணாடியும், காதோரம் சொருகிய பென்சிலும் விழுந்தன.

"டிராயிங் சாரு!" என்று ஓமனா வீறிட்டாள்.

அவர் வெளியே வந்து, இரண்டு கையையும் தூக்கி, "நான்தான்! அணையை உடைக்க நினைத்த பாவி நான்தான்!" என்றார்.

கூரை பறந்துபோகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ரகசியத்தைக் கட்டிக்காத்த மனுஷனே சதிகாரனா! சீட்டி, கைதட்டு, துண்டு வீச்சு. ஏட்டு நாற்காலிமேல் ஏறி நின்று தட்டினார். தாணம்மாள்கூட, "நான் அப்பமே நெனச்சேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கூசாமல் சொன்னாள்.

கூட்டம் கலைந்தபோது ஐயப்பன் பிள்ளை அவர் தோளில் தட்டினார். "கெட்டிக்காரன்வே நீரு! இந்த எடத்துக்கு இவ்வளவு ஆளு வருமுன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே!"

"எல்லாம் நீங்க தந்த எடம்" என்றார் நாராயணபெருமாள்.

வாசகசாலை பிழைத்தது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தாணம்மாள் அடை சுட்டுப் போட்டாள். ஏழு தின்றார்.

காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, நெல்லுப்புரைக்குப் போனார். கலைந்து கிடந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கினார். அட்டை கிழிந்தவற்றைத் தனியே எடுத்துவைத்தார். பெஞ்சின்மேல் ஏறித் திரைத்துணியின் முடிச்சில் கைவைத்தபோது, ரைஸ்மில் காவல்காரன் சகாயம் நாலு காலிச் சாக்கோடு உள்ளே வந்தான்.

"திரைய அவுக்காண்டாம் சாரே" என்றான் அவன். "திங்கக்கிழம சினிமா மிஷினு வருது. புஸ்தகத்த மட்டும் எடுத்தாப் போரும்னு மொதலாளி சொன்னாரு."