பன்னிரண்டுக்கு எத்தனை?

இனிமேல் தண்ணீர்க் குடம் தூக்குவதில்லை என்று தேவசகாயம் பெரியப்பா முடிவு பண்ணினார். திண்டிவனத்தில் எங்களுக்கு இரண்டாவது மாடி. குழாய் கீழே. அம்சவள்ளி பெரியம்மாவிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. அதனால் உடம்புக்கு முடியாது என்று ஒரு சீட்டு வாங்கக் கிளம்பினார்.

விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்திருக்கிறார்கள். அறுபது தாண்டியவர்கள் டாக்டர் இல்லாமல் தாங்களே உடம்பைச் சோதித்துக்கொள்ளலாம். உட்கார்ந்து எழுந்திருக்கணும், நடக்கணும். பன்னிரண்டுக்கு மார்க் போட்டுச் சீட்டு தரும்.

"கம்மியா வாங்கிக்கினு வந்துடறேன். நீ வாயத் தொறக்காத" என்று என்னையும் கூட்டிப் போனார்.

மிஷின் முதலில் போன் நம்பர் கேட்டது. பெரியப்பாவுக்குத் தன் நம்பர் தெரியாது. அவருக்கு அவரே போன் பண்ணினது கிடையாதே. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரை அழுத்தினார். பெரியம்மா நம்பர்.

"கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 'தொடங்கு' பொத்தானை அழுத்தவும்" என்றது மிஷின்.

"கையக் கட்டிக்கினு எதால அழுத்தறது?"

மூக்கால் அழுத்தினார். மிஷின் "ஒன்று, இரண்டு" என்று எண்ண ஆரம்பித்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. வந்த வேலையை மறந்து விசுக் விசுக்கென்று எழுந்தார். நடக்கச் சொன்னால் ஓடினார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"பேஜாராப் போச்சே!"

சீட்டைக் கிழித்துப் போட்டார். மறுபடி நம்பர், மறுபடி மூக்கு. இந்த முறை ஆமை மாதிரி எழுந்தார், ஒவ்வொரு தடவையும் "ஏசுவே" என்று முனகினார். மிஷினுக்கு முனகல் எல்லாம் கேட்காது. நேரம் மட்டும்தான் தெரியும். நாலு மார்க். "விழும் ஆபத்து அதிகம்."

வீட்டுக்கு வந்து அந்தச் சீட்டை நீட்டினார். பெரியம்மா நிதானமாகப் படித்தார். ஆணியில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சாவி எதுக்கு அம்சா?"

"விழுவீங்கன்னு போட்டுக்குது. வண்டி ஓட்டலாமா?"

பெரியப்பாவுக்கு முகம் செத்துப்போச்சு. தினம் அஞ்சு மணிக்கு மாரியப்பன் கடையில் கேரம். வண்டி இல்லாமல் எப்படி?

"அது மிஷினு. அதுக்கு இன்னா தெரியும்?"

"பன்னெண்டு போட்டதும் அதே மிஷின்தானே?" பெரியம்மா போனைக் காட்டினார். இரண்டு மார்க்கும் வரிசையாக மெசேஜில் வந்திருந்தது.

பெரியப்பா என்னை முறைத்தார். "நீ சொன்னியா?"

"நீங்கதானே அவங்க நம்பர அழுத்துனீங்க."

"எது நெசம்னு நீங்களே சொல்லுங்க" என்றார் பெரியம்மா. "நாலுன்னா சாவி எங்கிட்ட. பன்னெண்டுன்னா குடம் உங்ககிட்ட."

மணி நாலே முக்கால். பெரியப்பா குடத்தைக் கையில் எடுத்தார்.

"பன்னெண்டு."

"அப்ப இன்னொரு கையி சும்மாதானே இருக்கு?" என்று இரண்டாவது குடத்தை நீட்டினார் பெரியம்மா.