எதிர்காலத் தலைவியின் கணவன் எழுதுவது

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் ராஜேந்திரன் அவர்களுக்கும் அக்காவுக்கும் தசரதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அண்ணாமலையார் கிருபையால் இங்கு என் ஒருவனைத் தவிர எல்லோரும் சௌக்கியம். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைப் பயிருக்கு மழை கிடைத்ததா என்று அறிய ஆவல். யாரோ வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைத் தவறாக எண்ண வேண்டாம். இந்த வீட்டில் புதுத் தாளுக்கு அனுமதி இல்லை. போனில் சொல்லலாமென்றால் உங்கள் தங்கை காதில் விழும். விஷயமே உங்கள் தங்கை ராணியம்மாளைப் பற்றியதுதான்.

போன வருஷம் நம் பெண் கவிநிலா படிப்பை முடித்த கையோடு, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் ‘வேர்முனை’ என்ற தொண்டு நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். சுற்றுச்சூழலைக் காக்கப்போகும் எதிர்காலத் தலைவர்கள் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருஷம் பயிற்சி கொடுப்பார்களாம். நேர்காணலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஓசூரில் வேலை கிடைத்து அவள் பஸ் ஏறிவிட்டாள். "வரலன்னு நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடும்மா, அதான் மரியாதை" என்று தாயாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். வினை அந்த மரியாதையில்தான் வந்தது மச்சான். காலை பத்து மணிக்கு ஒரு வார்த்தை சொல்லப் போன உங்கள் தங்கை பகல் இரண்டு மணிக்குத் திரும்பினாள். நிறுவனத்தை நடத்தும் சிந்துஜா என்ற பெண், உபசாரத்துக்கு "உங்க தெருவுல என்னம்மா பிரச்சினை?" என்று கேட்டிருக்கிறது. இவள் எதிர்வீட்டுச் சாக்கடையில் ஆரம்பித்து, ஏரிக்கு வரும் கால்வாயை எந்தெந்த மனையில் யார் யார் தூர்த்தார்கள் என்பது வரை ஒப்பித்துவிட்டாள்.

"என்னங்க, என்னை எடுத்துட்டாங்க" என்றாள் உள்ளே நுழைந்ததும்.

"எதுக்கு எடுத்துட்டாங்க?"

"எதிர்காலத் தலைவரா."

ஐம்பத்து மூன்று வயசு மச்சான்! விதிகளில் வயது வரம்பு போட மறந்துவிட்டார்களாம்.

நான் என்ன வியாபாரம் செய்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேரடித் தெருவில் பேப்பர் தட்டு, பேப்பர் கப் மொத்த விற்பனை. தின்றுவிட்டுத் தூக்கி எறிவதற்கென்றே பிறந்த சரக்கு. கறிக்கடைக்காரன் வீட்டுக் கூடத்தில் ஜீவகாருண்ய சங்கம் கூடினால் எப்படியிருக்கும், அப்படி ஆயிற்று என் நிலைமை. முதல் மாதமே கடைத் தராசு வீட்டுக்கு வந்துவிட்டது. தினமும் குப்பையை எடை போட்டு, யார் போட்டது என்று பேர் எழுதி வைக்க வேண்டுமாம். ஒருநாள் ஆசைப்பட்டு வெளியே பரோட்டா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சால்னா கட்டிய கவரைத் தென்னை மட்டைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதையும் தோண்டியெடுத்து, கழுவிக் காயவைத்து, ‘குடும்பத் தலைவர், நான்கு கிராம்’ என்று எழுதிவிட்டாள். எழுதியதோடு விடாமல் வகுப்பில் வாசித்தும் காட்டியிருக்கிறாள். மறுவாரம் கூடப் படிக்கும் ஒன்பது பிள்ளைகளும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அதில் சினேகா என்கிற பெண் என்னைப் பார்த்து, "அந்த நாலு கிராம் அங்கிள் நீங்கதானா?" என்று கைகுலுக்கியது.

அடுத்து மொட்டை மாடியில் உரத்தொட்டி வைத்தாள். மலைக் குரங்குகளுக்கு அது விருந்து. ஒரு விடியற்காலை எட்டுக் குரங்கு வந்து தொட்டியைக் கவிழ்த்து, அழுகின தக்காளியை எல்லாம் அடுத்த மாடியில் காய்ந்துகொண்டிருந்த வக்கீல் வல்லரசு சாரின் வெள்ளைச் சட்டைகள் மேல் எறிந்து விளையாடிவிட்டன. வக்கீல் கையில் சட்டையோடு, "கேஸ் போடப்போறேன்" என்று வந்தார். நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். அரைமணி கழித்து எட்டிப் பார்த்தால் மனிதர் காபி குடித்துக்கொண்டு, "மூடி போட்ட தொட்டி எங்கம்மா கிடைக்கும்? எங்க வீட்டுக்கும் ஒண்ணு வைக்கணும்" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது தெருவில் பதினோரு தொட்டி. குரங்குகள் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாமல் திகைக்கின்றன.

இதெல்லாம் போகட்டும். வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் ஊருக்கு ஒரு காரியம் செய்து காட்ட வேண்டும். இவள் எடுத்துக்கொண்டது பௌர்ணமி அன்னதானம். கிரிவலப் பாதையில் மாதாமாதம் சாம்பார் சாதம் போடும் அரிசி மண்டி அன்பரசன் யார்? என் கடையின் பெரிய வாடிக்கை! அவரிடமே போய், "அண்ணா, இந்த மாசம் தட்டு வாங்காதீங்க, எவர்சில்வர்ல போடலாம், கழுவுறது என் பொறுப்பு" என்று சொல்லி, அவரும் சரியென்றுவிட்டார். கட்டின மனைவி மச்சான்!

நான் கோபத்தை அடக்கிக்கொண்டேன். எப்படியும் மண்ணைக் கவ்வும், அப்போது ஆபத்பாந்தவனாகப் போய் நிற்கலாம் என்று, பௌர்ணமி சாயங்காலம் ஆட்டோ நிறைய பேப்பர் தட்டு ஏற்றிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். நினைத்தபடியே நடந்தது. ஆயிரம் தட்டும் ஒரே மணி நேரத்தில் எச்சிலாகிவிட்டது, கழுவப் பத்தே பேர், சாதத்துக்கு வரிசை பாதையை மறித்து நிற்கிறது. அன்பரசன் கையைப் பிசைகிறார். நான் மெதுவாக ஒரு தட்டுக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கிட்டே போனேன். உங்கள் தங்கை முழங்கை வரை சாம்பலோடு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அந்த ஒன்பது பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அதை எங்கியாவது வைங்க. உக்காருங்க" என்றாள்.

என்ன மாயமோ தெரியவில்லை, கட்டை இறக்கி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்துவிட்டேன். நான் கழுவுவதைப் பார்த்து, கிரிவலம் வந்த ஒரு வெள்ளைக்காரர் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில், இங்கே தட்டுக் கழுவினால் கல்யாணம் கூடிவருமாம் என்று யாரோ கிளப்பிவிட, கழுவுவதற்கு ஒரு தனி வரிசை! கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து மூன்று தட்டு. மூன்று ஜாஸ்தி மச்சான், எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம், அந்தப் பகுதியைப் பெருக்கும் தமிழ்செல்வி வீடு தேடி வந்தது. "பௌர்ணமிக்கு மறுநாள்னா சாயங்காலம் வரைக்கும் தட்டு அள்ளுவேம்மா. இன்னிக்கு ஒம்போது மணிக்கே முடிஞ்சிடுச்சி. எம்பொண்ணுக்குத் தலை பின்னி, நானே இஸ்கூலுக்கு இட்டுனு போய் விட்டேன்" என்று சொல்லிவிட்டு நின்றது. உங்கள் தங்கை அதை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். அதன் பிறகு கடையில் பாதி இடத்தில் எவர்சில்வர் தட்டு வாடகைக்கு விடுகிறேன். அது வேறு கதை.

இப்போது கேட்பது என்னவென்றால், பயிற்சி முடிந்தது என்று நான் நிம்மதியாக மூச்சு விடும்போது, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு இவளையே பயிற்சியாளராகப் போடப் போகிறார்களாம். தாங்காது மச்சான். இந்த ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு நிறைவு விழா. அதற்கு முன்னால் நீங்கள் வந்து, அண்ணன் என்ற முறையில் இரண்டு வார்த்தை கண்டித்துச் சொல்லி அவளை வீட்டோடு நிறுத்த வேண்டியது. அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். அருணாசலேசுவரர் உங்களையாவது அமைதியாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தசரதன்.

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் சிந்துஜா போன் செய்தது. "அங்கிளுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம், பயிற்சிக்கு அம்மாவுக்குப் பதிலா வேற ஒருத்தரைப் போடலாம்னு யோசிக்கிறோம்" என்றது. எனக்கு வந்ததே ஆத்திரம்! "யாரும்மா அந்த வேற ஒருத்தர்? எங்க ராணி மாதிரி ஒரு ஆளை இந்த ஜில்லாவுல காட்டு பாக்கலாம்!" என்று அரைமணி நேரம் கத்தித் தீர்த்தேன். பயந்துபோய் அவளையே போட்டுவிட்டார்கள். ஆகவே கண்டிக்க வர வேண்டாம். விழாவுக்கு வாருங்கள். முன்வரிசையில் என் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன், சேர்ந்து கைதட்டலாம்.