வழுக்குமரத் தேர்வு

இருளப்பன் பயிற்சிச் சாலைக்குக் கட்ட வேண்டிய பாக்கி முந்நூற்று நாற்பத்தேழரை வராகன். தகுதிபுரி ராஜ்ஜியத்தில் ஒரு கூலிக்காரன் இவ்வளவு கடன் பட்டிருந்தால், அவன் வீட்டுப் பிள்ளை வைத்தியத்துக்குப் படிக்க ஆசைப்படுகிறது என்று அர்த்தம். வேறு விசாரணையே வேண்டாம்.

முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்த பிள்ளைகளைத்தான் வைத்தியத்துக்கு எடுத்தார்கள். மன்னருக்கு அது சரியாகப் படவில்லை. "ஊருக்கு ஊர் வாத்தியார் வேறு, பாடம் வேறு. வழுக்குமரம் ஒன்றுதான் எல்லோருக்கும் ஒரே மாதிரி வழுக்கும்" என்றார். சபை கைதட்டியது. தலைநகர் மைதானத்தில் மரம் நட்டார்கள். உச்சியைத் தொட்டவருக்கே வைத்தியப் படிப்பு என்று சட்டம் வந்தது.

மறுநாளே எதிரில் தணிகாசலத்தின் பயிற்சிச் சாலை முளைத்தது. அங்கே நாடி பற்றியோ மூலிகை பற்றியோ பேச்சே கிடையாது, மரம் ஏறுவது மட்டும்தான். இருளப்பன் ஆடுகளை விற்று மகள் அழகுநாச்சியை அங்கே சேர்த்தான். ஆட்டுக்காசு போக மீதிதான் அந்தப் பாக்கி.

அதை அடைக்க அவனுக்குக் கிடைத்த வேலை, அந்த மரத்துக்கே எண்ணெய் பூசுவது. அரண்மனை ஏணியில் ஏறி, உச்சி முதல் அடி வரை விளக்கெண்ணெயும் கற்றாழைச் சோறும் குழைத்துப் பூச வேண்டும். மகள் வழுக்குவதற்குக் கூலி வாங்கினான். வழுக்காமல் ஏறக் கற்றுக்கொள்ள அதையே கட்டினான்.

"அப்பா, அந்த ஏணியில ஒரு தடவை என்னை ஏத்தி விடேன்."

"அது அரண்மனை ஏணி தாயி. நாம ஏறினா திருட்டு."

"நீ மட்டும் ஏறுற?"

"நான் வேலைக்கு ஏறுறேன்."

முதல் வருஷம் அழகுநாச்சி விழுந்தாள். கூட விழுந்தவர்கள் ஏராளம். விழுந்தவர்கள் எல்லாம் மறுபடி பயிற்சிக்குப் போனார்கள். ஊர்களில் காய்ச்சல் கண்டவரைப் பார்க்க ஆளில்லை. முறையிட்டவர்களிடம் தேர்வு அமைச்சர் சொன்னார்: "விழுபவர் கூடினால் தேர்வின் தரம் கூடுகிறது என்று பொருள்."

அடுத்த ஆணையில் தோடு, மூக்குத்தி, அரைஞாண் எல்லாம் கழற்றச் சொன்னார்கள், அவற்றில் பிசின் ஒளித்து வைக்கலாமாம். பெரிய வீட்டுப் பிள்ளைகளும் விழவே இன்னொரு ஆணை வந்தது: வாடகை கட்டுவோர் ஏணியில் ஏறியும் தொடலாம், எப்படித் தொட்டார் என்று சட்டம் கேட்காது. வாடகை என்ன என்று இருளப்பன் கேட்டான். காவலர்கள் சிரித்தார்கள்.

தேர்வு நாளில் அமைச்சர் புதிதாக ஒன்று சேர்த்தார். "ஒவ்வொருவருக்கும் முன்னால் மரத்துக்குப் புதிதாகப் பூச வேண்டும். சமநீதி!" காலையிலிருந்து இருளப்பன் ஏறினான், பூசினான், இறங்கினான்.

அழகுநாச்சியின் முறை வந்தது. அவள் காது மூளியாக நின்றாள். இருளப்பன் உச்சிக்குக் கீழே ஒரு சாண் இடத்தைப் பூசாமல் தாண்டப் பார்த்தான்.

"அடேய்! அந்த இடம் மின்னவில்லையே!" கீழிருந்து அமைச்சரின் குரல்.

"பூசுறேன் எசமான்."

பூசினான்.

அவள் வெகுதூரம் ஏறினாள். கூட்டம் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. உச்சிக்கு ஒரு சாண் கீழே அவள் கை வழுக்கியது. விழுந்தபோது கால் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"வைத்தியரைக் கூப்பிடுங்க எசமான்!"

"வைத்தியர் இருந்தால் நாம் ஏன் தேர்வு நடத்துகிறோம்?" என்றார் அமைச்சர். நியாயமான கேள்விதான்.

அதற்குள் எழுத்தர் முடிவை வாசித்தார். மரத்தடியில் உட்கார்ந்து, உச்சியைத் தொட்ட கைகளை எல்லாம் குறித்து வைத்திருந்தார். எப்படித் தொட்டார் என்று சட்டம் கேட்காததால் அவரும் கேட்கவில்லை. "உச்சியை மிக அதிகமுறை தொட்டு, ராஜ்ஜியத்தில் முதலிடம்: இருளப்பன்!"

தணிகாசலம் ஓட்டமாக வந்து மாலை போட்டார். கையோடு ஓவியனையும் கூட்டி வந்திருந்தார்.

"நம்ம சாலை மாணவர்! வாசல்ல ஆள் உயரத்துக்குப் படம் வைக்கணும். டேய், அந்த ஏணியைத் தள்ளி வை."

"நான் உங்ககிட்ட படிக்கலைங்களே. என் பொண்ணுதான்..."

"பாக்கி உன் பேர்ல தானே இருக்கு? அப்ப நீதான் மாணவன். படம் முடியுற வரைக்கும் அசையாம நில்லு. முழுசும் தள்ளுபடி. அசைஞ்சா பாக்கி அப்படியே நிக்கும்."

மரத்தடியில் அழகுநாச்சியின் கால் வீங்கிக்கொண்டிருந்தது. இருளப்பன் ஓரடி எடுத்து வைத்தான்.

"நில்லுப்பா," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "முதலிடம் வாங்கிட்டு அழாதே. படம் நல்லா விழாது."

அவன் நின்றான். விரல்களிலிருந்து எண்ணெய் சொட்டியது. ஓவியன் படத்தில் அவன் முகத்துக்கு ஒரு சிரிப்பு வரைந்து தூரிகையைக் கீழே வைத்ததும், தணிகாசலம் முந்நூற்று நாற்பத்தேழரை வராகனையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்.