பூஜ்யம் வாங்கிய அதிகாரி

அந்த அலுவலகத்தில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவரை எல்லோரும் முத்திரையக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் வீடு நேர் எதிரே. அடுப்பில் பால் பொங்க வந்தால், அலுவலக ஜன்னலிலிருந்தே பார்த்து மகளுக்கு போன் போட்டுவிடலாம். இருபது வருடமாக அவர் பதவி உயர்வு கேட்காததன் ரகசியம் அந்த ஜன்னல்தான்.

இந்த நிம்மதி தலைமையகத்தின் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். போன வருடம் நின்றுகொண்டு வேலை செய்வதுதான் நாகரிகம் என்று நாற்காலிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் நின்றபடியே தூங்கப் பழகியதும் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த வருடம் புள்ளியியல்.

"அனைத்துப் பணியாளர்களும் ஸ்ப்ரெட்ஷீட் வழியே நடத்தப்படும் அடிப்படைப் புள்ளியியல் தேர்வில் சராசரிக்கு மேல் மதிப்பெண் பெற வேண்டும். பெறத் தவறுவோர் எல்லைக் கிடங்குக்கு மாற்றப்படுவர்" என்றது உத்தரவு.

எல்லைக் கிடங்கு இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். அங்கிருந்து பார்த்தால் பால் என்ன, ஊரே தெரியாது.

முத்திரையக்கா ஒன்பதாவது படிக்கும் மகளிடம் பாடம் கேட்க உட்கார்ந்தார்.

"அம்மா, சராசரி எடுக்கறப்ப காலிக் கட்டத்தை இந்த ஸ்ப்ரெட்ஷீட் கண்டுக்காது. பூஜ்யம் போட்டா மட்டும் கணக்குல சேத்துக்கும்."

"எங்க ஆபீஸும் அப்படித்தான்டி. வேலைக்கே வராதவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. வந்து தப்பு பண்றவன்தான் மாட்டறான்."

படிக்கப் படிக்க அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது. மறுநாளே அதிகாரியின் அறைக்குப் போனார்.

"சார், எல்லாருமே சராசரிக்கு மேல வாங்க முடியாது சார்."

"ஏம்மா இப்பவே மனசை விடறீங்க? முயற்சி பண்ணுங்க."

"எல்லாரும் ஏறினா சராசரியும் கூடவே ஏறிடும் சார்."

அதிகாரி யோசித்தார். "அது யாரைக் கேட்டு ஏறுது?" என்றார்.

மாலைக்குள் சுற்றறிக்கை வந்துவிட்டது: தேர்வு முடியும் வரை சராசரி முன் அனுமதியின்றி உயரக் கூடாது.

தேர்வு நாளும் வந்தது. பட்டியலில் பத்துப் பெயர்கள். முதல் பெயர் அதிகாரியுடையது. டீக்குப் பெயர் கொடுக்கும் பட்டியலில்கூட அவர் பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். இதையும் அவரே தன் கையால் எழுதியிருந்தார். கம்ப்யூட்டர்களுக்குக் கட்டிய ரிப்பனை வெட்டிவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, சாப்பிடப் போனவர் திரும்பவில்லை.

மற்ற ஒன்பது பேரும் எழுதினார்கள். எழுதினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒன்பது பேரும் திறந்து வைத்திருந்தது ஒரே ஃபைலை. முத்திரையக்கா இங்கே தட்டத் தட்ட, மற்ற எட்டுத் திரைகளிலும் விடை தானாக வந்து விழுந்தது.

"கம்ப்யூட்டருக்கு எவ்வளவு அறிவு பாத்தியா!" என்று டிரைவர் நெகிழ்ந்து போனார்.

ஒன்பது பேருக்கும் அறுபத்திரண்டு. சராசரியும் அறுபத்திரண்டு. ஒருவர்கூட அதற்கு மேல் இல்லை. ஒன்பது பேரும் கிடங்கு!

கணக்காளர் தலையில் கை வைத்துக்கொண்டார். டிரைவர் அழுதேவிட்டார். முடிவுத்தாளுக்கு முத்திரை குத்த வேண்டிய அக்கா மட்டும் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில், அதிகாரியின் பெயருக்கு எதிரே, ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் ஒரு பூஜ்யம் தட்டினார். சராசரி தடாலென்று ஐம்பத்தைந்து புள்ளி எட்டுக்கு வந்து நின்றது. ஒன்பது பேரும் மேலே!

"அக்கா, அவர் நம்ம அதிகாரியாச்சே!" என்றார் கணக்காளர்.

"உத்தரவுல அனைத்துப் பணியாளர்களும்னுதானே இருக்கு? பேரையும் அவரேதான் எழுதியிருக்காரு. நான் முத்திரை குத்தறவ, அவ்வளவுதான்" என்று ஓங்கிக் குத்தினார். அன்று எல்லோரும் குழந்தைகளைப் போலக் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஒரு வாரத்தில் தலைமையகத்தின் பதில் வந்தது.

"தாம் ஒருவர் பூஜ்யம் பெற்று, தமக்குக் கீழ் உள்ள அனைவரையும் சராசரிக்கு மேல் உயர்த்திய அதிகாரியின் தியாகத்தைப் பாராட்டி, அவர் புதிய புள்ளியியல் பிரிவின் இயக்குநராக உயர்த்தப்படுகிறார். புள்ளியியலில் தேர்ந்த ஒன்பது பேரும் அவருடன் அங்கே பணியமர்த்தப்படுகிறார்கள். இடம்: எல்லைக் கிடங்கு, மாடி."

அதன் கீழே இன்னொரு வரியும் இருந்தது: இனி பதவி உயர்வு பூஜ்யம் பெறுவோருக்கு மட்டுமே.

இப்போது ஒன்பது பேரும் காலையில் இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். வழி நெடுக எல்லோரும் தப்பு விடைகளை மனப்பாடம் செய்கிறார்கள். முத்திரையக்காவும்தான். பதவி உயர்ந்தால் பழைய அலுவலகத்துக்கே அதிகாரியாகத் திரும்பி வரலாமே, அந்த ஜன்னலுக்கு!

இரண்டாவது பஸ்ஸில் போன் அடித்தது.

"அம்மா, பால் பொங்கி வழிஞ்சிடுச்சு."

"துடைச்சு வைடி. சராசரின்னா என்னன்னு இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா மறந்துட்டு வரேன். நடுவுல பேசி ஞாபகப்படுத்தாதே" என்று அக்கா போனை வைத்தார்.