வாய்க்கால் அக்கா காட்டிய வழி

ஆக்லாந்துக்கு வருகிற எந்தத் தமிழனும் வாய்க்கால் அக்காவிடம் அகப்படாமல் ஊர் திரும்பியதில்லை. மற்றவர்கள் விருந்தாளிக்குக் கடற்கரையைக் காட்டுவார்கள். அக்கா வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோய், அந்தக் காலத்துத் தங்கச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்காலைக் காட்டுவார்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். பிளாக்ஹவுஸ் பே பகுதியில் பல் டாக்டர். நம்மை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பார்.

"மலையைச் சுத்தி வெட்டியிருக்கிறாங்கள் தம்பி. தண்ணி மெல்ல மெல்லத்தான் வரும். உயரத்தை வழியிலை வீணாக்கப்படாது. கடைசியிலை ஒரேயடியா விழுத்தினாத்தான் சக்கரம் சுத்தும், பாறை நொருங்கும்."

நான் "ஆ" என்பேன். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வேனோடு வந்து நிற்பார்.

எனக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. வித்யாவின் போட்டோவைப் பார்த்ததுமே நான் விழுந்துவிட்டேன். ஆனால் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அவள் அப்பா, "கல்யாணத்துக்கு அப்புறம் பேசிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அவளோ பேசிப் பார்க்காமல் சரி சொல்வதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். அவள் இருந்ததும் ஆக்லாந்தில்தான், ரானுயி பகுதியில் தோழிகளோடு பகிர்ந்த வீடு. அதனால் பெண் பார்ப்பதை அக்கா வீட்டில் வைத்துக்கொண்டோம்.

பட்டுவேட்டி, பட்டுப்புடவையில் வந்து இறங்கியவர்களை அக்கா வாசலிலேயே மறித்தார். "பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் டப்பாவிலை இருக்கு. வேனிலை ஏறுங்கோ."

இந்தச் சம்பந்தமும் போச்சு என்றே நினைத்தேன்.

மலையில் தூறல். வாய்க்கால் ஓரத்தில் ஒரு ஆள் நடக்கத்தான் இடம். அக்கா வரிசை போட்டார். முன்னால் அவர், பின்னால் வித்யாவின் அப்பா, அம்மா. கொஞ்சம் இடைவெளி விட்டு வித்யா. கடைசியில் டப்பாவோடு நான். அப்பா திரும்பப் பார்த்தபோதெல்லாம், "திரும்பாதையுங்கோ ஐயா, வழுக்கும்!" என்று அதட்டல் வந்தது.

முன்னால் சுரங்கக் கதை ஓடியது. பின்னால் எங்கள் கதை தொடங்கியது.

"இவங்க எப்பவுமே இப்படியா?"

"பல்லு பிடுங்கும்போது இன்னும் மோசம்."

சிரித்தாள். பிறகு விசா, மார்ட்கேஜ், சமையல் எல்லாம் பேசினோம்.

"என்னால வேலையை விட முடியாது" என்றாள்.

"என்னால பஜ்ஜியை விட முடியாது" என்றேன். அதற்குள் டப்பாவில் பாதி காலி.

சக்கரம் இருந்த பள்ளத்தில் வழி முடிந்தது. முழங்கால் வரை சேறோடு நின்ற அப்பா வெடித்தார். "பொண்ணு பார்க்கக் கூப்பிட்டுட்டு இந்தக் குழியைத்தான் காட்டினீங்களாம்மா?"

"ஓம் ஐயா" என்ற அக்கா, சட்டென்று வித்யா பக்கம் திரும்பினார். "பிள்ளை, தம்பியைப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு."

அப்பா வாயைப் பிளந்தார். அக்கா பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். "மேலை கடைவாய்ப் பல்லு ஒண்டு சொத்தை ஐயா."

கல்யாணம் முடிந்து, பல் கூச்சம் என்று ஒருநாள் அக்காவிடம் போனேன். "எல்லாம் திட்டம் போட்டுத்தானே செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"அங்கை பக்கத்திலை பக்கத்திலை நடக்க இடமில்லைத் தம்பி, வேறை என்ன செய்யிறது? வாயைத் திறவும்."

வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டார். அன்று சொல்ல முடியாத நன்றியைத்தான் அக்கா, இங்கே சொல்கிறேன்.