பின் சீட்டுக்கு ஒரு வலை

காருக்குக் காற்றுத் தடுப்பு வாங்கியே தீருவது என்று ஒரு புதன்கிழமை முடிவு செய்தேன். வீட்டில் நான் சொன்ன காரணம் ஒன்று. உண்மையான காரணம் வேறு. உங்களுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கார். கூரையை மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம், அந்த மாதிரி கார். வெளிர்நீலம். இரண்டு பேரிடம் உழைத்துவிட்டு, மூன்றாவதாக என்னிடம் வந்து சேர்ந்தது. பத்தொன்பது வயதில் இப்படி ஒரு காரைத் தெருவில் பார்த்தேன். ஓட்டியவன் ஒருவன், பக்கத்தில் ஒருத்தி, மேலே வானம். அவள் ஸ்கார்ஃப் காற்றில் மிதந்துகொண்டே போனது. பார்த்துக்கொண்டே போனதில் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேன். சாக்கடையிலிருந்து எழுந்துவிட்டேன், கனவிலிருந்து எழவில்லை. முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கனவு ஓடிக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஒருத்திக்கு என் மனைவியின் முகம் வந்துவிட்டது. அதில் எனக்குப் பூரண திருப்தி.

கனவில் இல்லாதது ஒன்றுதான். பின் சீட்டு.

நிஜத்தில் பின் சீட்டு இருந்தது. அதில் என் மனைவியின் அக்கா இருந்தார்.

அக்கா ரிட்டயரான பூகோள டீச்சர். அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏரிக்கரைச் சவாரிக்காக நான் கூரையை மடக்கும்போது டாணென்று வந்து பின்னால் ஏறிக்கொள்வார். இடது, வலது எல்லாம் அவருக்குக் கிடையாது. திசைதான். "தம்பி, வடமேற்கே ஒரு பள்ளம்" என்பார். வடமேற்கு எது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் பள்ளம் என்னைக் கண்டுபிடித்துவிடும்.

முன்னால் மனைவி. அவள் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். வாரத்தில் ஆறு நாள், புதிதாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்துப் பல உயிர்களைக் காப்பாற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங்கைத் தொடமாட்டாள். ஆனால் கால் சும்மா இருக்காது. என் காரில் அவள் பக்கம் பிரேக்கே இல்லை. இருந்தும் மிதிப்பாள். மிதித்து மிதித்து அந்த இடத்தில் ரப்பர் விரிப்பு ஓட்டையாகிவிட்டது.

நான் வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காற்றின் வேகத்தையும் திசையையும் குறித்து அனுப்புவது என் பிழைப்பு. மொட்டை மாடியில் காற்றளக்கும் கருவியின் மூன்று கிண்ணங்கள் சுற்றும். அவை சுற்றுவதைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவன். காற்றைப் பற்றி ஆரம்பித்தால் மணிக்கணக்கில் பேசுவேன். கேட்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை மெக்கானிக்தான் வழி காட்டினார்.

"சார், இந்தக் காருக்கு விண்ட் டிஃப்ளெக்டர்னு ஒண்ணு வருது. சட்டத்துல கறுப்பு வலை கட்டியிருக்கும். ஒரு பாதி முன் சீட்டுக்குப் பின்னால நிமிர்ந்து நிக்கும். மறுபாதி பின் சீட்டு மேல படுத்துக்கும். காத்து திரும்பி வராது. ஒரே குறை, பின்னால ஆள் உக்கார முடியாது."

அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சங்கீதமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி மாணவர்களின் வருகைப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன் முடி" என்று ஆரம்பித்தேன்.

"என் முடிக்கு என்ன?"

"காத்துல சிக்காகுது. பார்க்கவே மனசு கேக்கலை."

"இருபத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு முடி இருக்கறதே உங்க கண்ணுல பட்டுதா?"

"கார்ல காத்து முன்னாலேர்ந்து அடிக்குதுன்னுதானே நினைக்கிறே? அதுதான் இல்லை. கண்ணாடிக்கு மேல ஏறிப் போகுது. அப்புறம் பின்னால இறங்கி, சுத்தி, திரும்ப நம்ம பிடரிக்கே வருது. நிரூபிக்கட்டுமா?"

நிரூபித்தேன். முன் சீட்டுகளின் தலைக்குமேல் கம்பளி நூல் துண்டுகளைக் கட்டி, அவளை ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். நூலெல்லாம் கண்ணாடியைப் பார்த்து முன்பக்கமாகப் பறந்தது. மனைவி நூலை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அப்போ பின் சீட்டுல?"

"கேக்கவே வேண்டாம். அங்கே சுழல் காத்து. கழுத்து பிடிச்சுக்கும். காது அடைச்சுக்கும். வயசானவங்களுக்கு ஆகவே ஆகாது."

"வயசானவங்களுக்கு."

"பொதுவாச் சொன்னேன்."

"வலை போட்டா அக்கா எங்கே உக்காருவா?"

இந்த இடத்துக்காகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். புருவத்தை உயர்த்தினேன். வாயைக் கொஞ்சமாகத் திறந்தேன். "அட, அதை நான் யோசிக்கவே இல்லையே."

"சரி, வாங்குங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே, நான்தான் அதற்குள் ஏரிக்கரைக்குப் போய்விட்டேனே.

அந்த மூன்று நாளும் ஏரிக்கரையில்தான் இருந்தேன். உடம்பு மட்டும் ஆபீஸுக்குப் போய்வந்தது. சாயங்கால வெயில் தண்ணீர்மேல் படுத்திருக்கிறது. சாலை ஓரத்து மரங்களின் நிழல் காருக்குள் வந்து வந்து போகிறது. மனைவி ஏதோ சொல்கிறாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொல்கிறாள், எனக்குக் கேட்கிறது. பின்னால் வலை. வலைக்குப் பின்னால் சாலை. சாலையில் யாருமே இல்லை. வெள்ளிக்கிழமை அறிக்கையில் காற்றின் வேகம் என்ற கட்டத்தில் மனைவியின் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன். மேலதிகாரி போன் செய்து, புயலுக்கு வைத்த பேரா என்று விசாரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி. வலை விறைப்பாக நின்றது. அக்கா வந்தார், பார்த்தார்.

"என்ன தம்பி, காருக்குக் கொசுவலையா?"

"காத்துத் தடுப்பு அக்கா. இனிமே பின்னால உக்கார வழியில்லை. எனக்கே சங்கடமா இருக்கு."

"இதுல என்ன சங்கடம்?" என்று மனைவி நடுவில் வந்தாள். "முன்னால ரெண்டு சீட்டு இருக்கே. நீ ஏறுக்கா." என் பக்கம் கையை நீட்டினாள். "சாவி."

"ஞாயித்துக்கிழமை நீ ஸ்டியரிங்கைத் தொடமாட்டியே."

"அக்காவுக்காகத் தொடறேன். வயசானவங்க, பாவம்."

கார் போயிற்று. வலைக்கு முன்னால் இரண்டு தலைகள். ஒரு முடி அசையவில்லை. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தார்கள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "தம்பி, உங்க மூளையே மூளை. என்ன அமைதி தெரியுமா? மெதுவாப் பேசினாக்கூடக் கேக்குது. ஏரித் தண்ணி மேல வெயில் அப்படியே படுத்திருக்கு." என் கனவு வரிக்கு வரி நடந்திருந்தது. நான் மட்டும் அதில் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை. நான் கேட்டில் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் கேட்டார். "சார், அந்தத் தடுப்பு பிரயோஜனமா இருக்கா? என் தம்பி ஒருத்தன் வாங்கலாமான்னு கேக்கறான்."

"பிரமாதமாத் தடுக்குது" என்றேன். வேறென்ன சொல்ல?

மூன்றாவது புதன்கிழமை மனைவியிடம் மறுபடியும் போனேன்.

"அந்தத் தடுப்பு சுத்த தண்டம்."

"ஏன், நூல் பறந்துச்சே?"

"நூல் பறக்கும். நூலுக்கு வேற என்ன வேலை? காத்து வாங்கத்தானே கூரையைத் திறக்கறோம்? திறந்துட்டு அதையே தடுத்தா, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் பலகை அடிச்ச மாதிரி ஆச்சு."

"சரி, கழட்டிடுங்க."

நாலு கொக்கி, இரண்டு நிமிஷம். கழற்றிப் பரணில் போட்டேன். அக்கா மறுபடி பின்னால் உட்காரட்டும், வடமேற்கு சொல்லட்டும், பரவாயில்லை. மனைவி பக்கத்தில் இருந்தால் போதும் என்ற நிலைக்கு இறங்கி வந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால், மனைவி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அக்கா.

"அக்காவைப் பின்னால உக்கார வெக்க முடியாதுங்க. கழுத்து பிடிச்சுக்கும், காது அடைச்சுக்கும். நீங்கதானே சொன்னீங்க?"

"அப்போ நீ..."

"என் முடி சிக்காயிடுமே. உங்களுக்கு மனசு கேக்காதே."

"சரி, நான்தானே ஓட்டுவேன்?"

"முன்னால நாங்க ரெண்டு பேர். எங்க ரெண்டு பேர்ல ஓட்டத் தெரிஞ்சது எனக்குத்தான்."

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். பின்னால் ஏறினேன்.

பின் சீட்டுக் காற்றைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சத்தியமான வார்த்தை. காதுக்குள் புகுந்தது, சட்டைக்குள் புகுந்து என்னைப் பூரியாக உப்ப வைத்தது, மிச்சமிருந்த ஏழெட்டு முடியையும் நாலா பக்கமும் இழுத்தது. ஆனாலும் ஏரி வந்தது. வெயில் தண்ணீர்மேல் இருந்தது. மரநிழல் மனைவியின் தோளில் வந்து வந்து போனது. அவள் பிடரியில் இரண்டு நரைமுடி கம்பளி நூல் போலவே முன்னால் பார்த்துப் பறந்தது. எதற்கு இத்தனை தந்திரம், நேராகவே சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொன்னேன்.

"என்னங்க? காத்துல ஒண்ணும் விழலை."

மறுபடி சொன்னேன்.

"கத்திச் சொல்லுங்க."

மூச்சை இழுத்துப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் சிவப்பாயிற்று. கார் நின்றது. காற்றும் நின்றது. என் குரல் நிற்கவில்லை.

"உன்கூடத் தனியா வரணும்னுதான் அந்த வலையையே வாங்கினேன்!"

பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஜன்னலுக்கு ஒரு தலை எட்டிப் பார்த்தது. மனைவி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நிதானமாகத் திரும்பினார், கிளாஸில் பதில் தப்பாகச் சொன்ன பையனைப் பார்ப்பதுபோல.

"நானா தம்பி ஆசைப்பட்டு வரேன்? எனக்கு வீட்டுல ஆயிரம் வேலை இருக்கு. இவதான் வாராவாரம் போன் பண்ணிக் கெஞ்சறா. 'அக்கா, எப்படியாவது வந்துடு, தனியாப் போனா வழி பூரா காத்தைப் பத்தியே சொல்லிக்கிட்டு வருவாரு'ன்னு."